மலைக்கென்று ஒரு பாட்டில் கூடுதல்

டெல்மர் ஹேவர்டுக்கு எதற்கும் ஓர் அளவு உண்டு என்பது தெரியும். அந்த அளவுக்கு மேல் கொஞ்சம் போட்டால்தான் அது அளவு என்பது அவர் கட்சி.

ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவர். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குப் பாத்திரம் மூத்தவனிடம் கிளம்பி ஆறு பேரைத் தாண்டி அவரிடம் வந்து சேரும்போது உள்ளே கரண்டி மட்டும்தான் இருக்கும். அந்தக் கரண்டியை நக்கி வளர்ந்தவர், பெரியவரானதும் தன் கை பட்ட எதிலும் போதவில்லை என்ற பேச்சே வரக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். வேலிக் கம்பத்துக்கு மூன்றடிக் குழி போதுமென்றால் நாலரை அடி தோண்டுவார். தெற்கு வயலில் அப்படித் தோண்டிய குழியொன்றில் ஊற்றே வந்துவிட்டது. அதில் நட்ட கம்பம் இரண்டாம் வருடம் துளிர்த்து, மூன்றாம் வருடம் கிளை விட்டு, நாலாம் வருடம் வேலியையே தன்னோடு இரண்டடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. கன்றுகள் அடியில் புகுந்து போக வசதியாக இருந்தது. ஒரு ஞாயிறு காலை மனைவி நெட்ரா சர்ச்சுக்கு உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு தோசைமாவு மாதிரியான அந்தப் பான்கேக் மாவில் சோடா உப்பை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். மாவு உப்பி மூடியைத் தூக்கியது. மூடிமேல் இரும்புச் சட்டியை வைத்தார், அதையும் தூக்கியது. கடைசியில் குடும்ப பைபிளைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அடங்கியது. நம்பாதவர்கள் நெட்ராவைக் கேட்டு அந்த பைபிளின் அடி அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நெட்ரா அவருக்கு நேர் எதிர். லவல் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து சமைத்துப் போட்டவள். அவள் கை உப்பு போட்டால் தராசு தோற்கும். நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு கை கூட்டிப் போட்டதையெல்லாம் அவள் ஒரு கை குறைத்து வந்ததால்தான் வீடு ஒரு நிலையில் நின்றது.

வீட்டில் முப்பத்துநாலு பசுக்கள். வெள்ளை முகமும் செம்மேனியுமான ஜாதி. ஜூனில் பனி உருகியதும் அவற்றை பிக்ஹார்ன் மலைமேல் புல்வெளிக்கு ஏற்றிவிடுவது, அக்டோபரில் முதல் பனி விழுமுன் இறக்கிக்கொண்டு வருவது, இதுதான் வருடம். அந்த வருடம் ஜூலை மாதத்தில் கூடப் போயிருந்த கிழட்டுக் காளை பாறையில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது. பசுக்கள் மேலே சினைக்குத் தயாராகி, துணையில்லாமல் கத்திக்கொண்டிருந்தன. அடுத்த வருடக் கன்றுகள் அத்தனையும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன என்று சொல்ல வேண்டும். டெல்மர் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பண்ணையில் பேசி, ஒரு டன் எடையுள்ள ஒரு காளையை வாங்கி வந்தார். வந்த நாளிலிருந்து அது கொட்டிலில் நடுநாயகமாக நின்று தின்றதே தவிர ஓரடி நகரவில்லை. நெட்ரா அதற்கு செனட்டர் என்று பேர் வைத்தாள்.

கால்நடை டாக்டர் லோரீன் வந்து செனட்டரைச் சோதித்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு எச்சரிக்கையும் சொன்னாள்.

"டெல்மர், இவனுக்குச் சூடு ஏறாம பாத்துக்கோங்க. காளைக்கு அதை ரெண்டு காலுக்கு நடுவுல ஏன் வெளிய தொங்கவிட்டிருக்குன்னு நினைக்கிறீங்க? காத்தாடத்தான். ஒரு நாள் நல்லா வெந்துபோச்சுன்னா அப்புறம் ரெண்டு மாசத்துக்கு இவன் வெறும் விருந்தாளி. தின்னுட்டுத் தூங்குவான், அவ்ளோதான்."

"ரெண்டு மாசம்னா கோடையே முடிஞ்சுபோகுமே."

"அதனாலதான் சொல்றேன். விடியக்காலைல கிளம்புங்க. வழியில நிக்காதீங்க."

டெல்மர் தலையை ஆட்டினார். விடியற்காலை நாலரைக்கே எழுந்தார். மலைக்குப் போகிற வண்டி என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சக்கரத்தில் காற்று பார்த்து, கொஞ்சம் கூட அடித்தார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, வழிகிறவரை ஊற்றினார். பிறகு கியர் பெட்டி. அவருடைய பதினெட்டு வயது பிக்கப் வண்டிக்குத் தானாக மாறும் கியர். அந்தப் பெட்டிக்குள் சிவப்பு எண்ணெய் ஒன்று ஓடும். வண்டியை இழுப்பதும் அதுதான், பெட்டியின் சூட்டைத் தணிப்பதும் அதுதான். ஒரு நீளமான அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

வண்டி நின்றிருந்தது களஞ்சியத்துக்கு ஏறும் சரிவில், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு. சமதரையில் வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தது, வழக்கம்போல் தேவைக்கு மேல். டெல்மர் குச்சியை உருவினார். நுனியில்தான் சிவப்பு.

"நெட்ரா, ரெண்டு பாட்டில் குறையுது பாரு. நல்லவேளை பாத்தேன்."

நெட்ரா பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மேலே முகாம் போட்டிருக்கும் சர்ச் குடும்பங்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் ஒரு பெரிய கிண்ணம். துருவின கேரட் போட்ட பச்சை ஜெல்லி அதைவிடப் பெரிய கிண்ணம். அந்த ஊரில் பிறந்தாலும் செத்தாலும் பச்சை ஜெல்லி இல்லாமல் காரியம் நடக்காது.

"வண்டி செங்குத்தா நிக்குது டெல். எண்ணெயெல்லாம் பின்னாடி போயிருக்கும். சமமா நிறுத்திப் பாக்கணும்ல?"

"சமமா நிறுத்தினா சமமா காட்டும். மலை சமமாவா இருக்கு?"

நெட்ரா பெட்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் இரண்டு பாட்டிலையும் ஊற்றிவிட்டார். பாதுகாப்புக்கு இன்னொன்றை இருக்கைக்குப் பின்னால் செருகினார்.

பிறகு செனட்டரை டிரெய்லரில் ஏற்றப் போனார்கள்.

அதில் நாலு மணி நேரம் போனது. முன்னால் இழுத்தால் பின்னால் போனது. பின்னால் தள்ளினால் உட்கார்ந்தது. ஒருதரம் டெல்மரையே டிரெய்லருக்குள் தள்ளிவிட்டு, இது வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் எந்தக் காரணமும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், தானே உள்ளே ஏறி நின்றுகொண்டது. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்தரைக்குக் கிளம்பினார்கள். ஏரிப் பாலத்தைத் தாண்டும்போதே தார் ரோடு உருகிப் பளபளத்தது.

அந்த மலையில் ரோடு வளைந்து போய் ஏறுகிற ரகமல்ல. சுவரில் ஏணி சாத்தியது மாதிரி நேராக மேலே போகும். டெல்மர் அடிவாரத்தில் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். ஜன்னல்களை இறக்கிவிட்டு, குளிருக்குப் போடுகிற ஹீட்டரை முழு வேகத்தில் திருகிவிட்டார். இன்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்துத் தாங்களே வாங்கிக்கொள்வது. முகத்தில் நெருப்புக் காற்று அடிக்க, இருவரும் அடுப்பில் வைத்த ரொட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்ஜின் முள்ளு நகரவே இல்ல பாத்தியா," என்றார் டெல்மர், வேர்வை மூக்கு நுனியில் சொட்ட.

"நான்தான் நகர முடியாம ஒட்டிக்கிட்டேன். என் செருப்பு உருகுது."

ஒன்றரை மைல் ஏறியிருப்பார்கள். வண்டி மேல் கியருக்குப் போவதும் கீழே விழுவதுமாகத் தடுமாற ஆரம்பித்தது. பிறகு டெல்மர் காலை அழுத்த அழுத்த இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி கேட்கவில்லை. கருகின சர்க்கரை மாதிரி ஒரு நாற்றம். பின்கண்ணாடியில் பார்த்தால் அடியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி டிரெய்லரை மறைத்தது. பள்ளத்தாக்குப் பக்கம் வண்டிகள் ஒதுங்க விட்டிருந்த மண்தரைக்குள் எப்படியோ நுழைத்து நிறுத்தினார். நெட்ரா இறங்கி எல்லாச் சக்கரத்துக்கும் கல் வைத்தாள். அடியில் எட்டிப் பார்த்தாள். சிவப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

டிரெய்லருக்குள் செனட்டர் ஒரு காலைத் தூக்கி இரும்புச் சுவரில் உதைத்தது. அந்தச் சுவரில் முட்டையை வைத்திருந்தால் குஞ்சு வெந்தே வெளியே வந்திருக்கும்.

"இறக்கிடலாமா?" என்றாள் நெட்ரா.

டெல்மர் ஒரு பக்கம் பார்த்தார். அறுநூறு அடிப் பள்ளம். மறுபக்கம் பார்த்தார், சரிவில் பறந்து இறங்கும் லாரிகள். காலையில் தன்னை டிரெய்லருக்குள் தள்ளிவிட்ட அந்த மண்டையைப் பார்த்தார்.

"இறக்கினா அப்புறம் யாரு பிடிக்கறது? வண்டி ஆறட்டும். அஞ்சு நிமிஷம்."

நல்ல வெயிலில் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு பெரியது என்று செனட்டரைக் கேட்டால் தெரியும். அதற்கு நாக்கு வெளியே தொங்க ஆரம்பித்திருந்தது.

அந்த மலைப்பக்கத்து மனிதர்களுக்கு ஒரு பழக்கம். ரோட்டோரம் மூடியைத் திறந்து நிற்கிற வண்டியைத் தாண்டிப் போனால் அவர்களுக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது. முதலில் நின்றவன் குவின்டன், பீட்ரூட் விவசாயி, சர்ச்சில் இவர்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன். அவன் வண்டிக்குப் பின்னாலும் ஒரு முகாம் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பிரதர் ஹேவர்ட், காளைக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?"

"கியர் பெட்டி சூடாயிடுச்சு. இழுக்க மாட்டேங்குது."

குவின்டன் குனிந்து மண்ணைப் பார்த்தான். "அடடா, சிவப்பா ஒழுகுதே. எண்ணெய் குறைஞ்சு போச்சு. அதான் சூடு. குச்சியைப் பாத்தீங்களா?"

டெல்மர் குச்சியை உருவினார். வண்டி அதே மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. நுனியில்தான் சிவப்பு.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று நெட்ராவைப் பார்த்தார். அவர் எதைச் சொன்னார் என்பது நெட்ராவுக்குத் தெரியவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த பாட்டில் உள்ளே போனது. குவின்டன் தன் வண்டியிலிருந்தும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான்.

"வேணாம் குவின்டன், போதும்னு நினைக்கிறேன்," என்றாள் நெட்ரா.

"இருக்கட்டும் சிஸ்டர். மலையாச்சே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்," என்றான் அவன். டெல்மர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு அறிவாளியைச் சந்தித்ததில்லை என்கிற மாதிரி அவனைப் பார்த்தார். "மேலே விடுதியில போன் இருக்கு, இழுவை வண்டிக்குச் சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு அவன் ஏறிப் போனான்.

வண்டி கிளம்பியது. கால் மைல் போனது. பிறகு முன்னைவிடப் பெரிய புகை, முன்னைவிட மோசமான நாற்றம். இந்தத் தடவை எண்ணெய் சொட்டவில்லை, கொட்டியது. அடுத்த ஒதுக்குத் தரைக்கு வந்து சேர்ந்தபோது முன்னால் போகும் கியர் எதுவும் பிடிக்கவில்லை, பின்னால் போகும் கியரும் மறுத்தது.

அப்புறம் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கீழே குனிந்தார்கள், சிவப்பைப் பார்த்தார்கள், எண்ணெய் குறைந்துவிட்டது என்றார்கள், குச்சியை உருவினார்கள், குச்சியும் ஆமாம் என்றது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பாட்டில் வைத்திருக்காத ஆள் அந்த மாவட்டத்திலேயே இல்லை போலிருக்கிறது. வைக்கோல் ஏற்றிப் போன ஒருவன் ஒன்று கொடுத்தான். மீன் பிடிக்கப் போன இரண்டு சகோதரிகள் ஒன்று கொடுத்துவிட்டு ஒரு செய்தியும் சொன்னார்கள்: இழுவை வண்டிக்காரன் ஊரில் இல்லை, அவனும் இதே மலைமேல்தான் எங்கேயோ மீன் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். டெல்மர் நன்றி சொல்லிச் சொல்லி வாங்கி ஊற்றினார். ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். அது தும்மியது.

மணி இரண்டு ஆனது. செனட்டர் உதைப்பதை நிறுத்திவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. தலையைத் தொங்கப்போட்டு, பக்கங்கள் துருத்தி மாதிரி போய்வர, வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக இறங்கியது. நெட்ரா பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கம்பி இடுக்கு வழியாக அதன் முதுகிலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் பனித்தண்ணீரைக் கை கையாக வீசினாள். பெட்டி காலியானது. டெல்மர் தொப்பியைக் கழற்றி விசிறினார். ஒரு டன் மாட்டுக்குத் தொப்பியால் விசிறுகிற மனிதனை ரோட்டில் போனவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா உனக்கு," என்றார்.

"இருக்கு."

"அதுக்குள்ள வெந்திருக்குமா?"

"எனக்கு எப்படி டெல் தெரியும்? தொட்டா பாக்க முடியும்?"

அவர் விசிறிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிய படுக்கையும் அடுப்புமாக வீடு மாதிரியே கட்டின வண்டி ஒன்று எதிர்ப்பக்கம் வந்து ஒதுங்கியது. அதற்கு பிரேக் சூடு. அதிலிருந்து இறங்கிய கிழவி எழுபதைத் தாண்டியவள். ஆண்கள் போடும் முழுச்சட்டை, கழுத்தில் துண்டு. பெயர் பெர்னடைன். ஒஹையோவில் நகரப் பேருந்துப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் கியர் பெட்டி மட்டுமே பிரித்து மாட்டியவள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் ரோட்டைத் தாண்டி வந்து, எதுவும் கேட்காமல் குச்சியை உருவி, துடைக்காமல் மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள்.

"எவ்வளவு ஊத்தினீங்க தம்பி?"

"காலைல ரெண்டு. இங்க நாலு. இன்னும் குறையுதும்மா. ஒழுகிட்டே இருக்கு."

"அளந்தது எங்க வச்சு?"

"காலைல வீட்டுச் சரிவுல. அப்புறம் இங்கயேதான்."

பெர்னடைன் வண்டியின் மூக்கைப் பார்த்தாள், ரோட்டின் சரிவைப் பார்த்தாள். "நீங்க எண்ணெயை அளக்கல, மலையை அளந்திருக்கீங்க. இந்தப் பெட்டியில குறைஞ்சதே இல்ல. தளும்பத் தளும்ப நிறைஞ்சு போய் வாந்தி எடுக்குது."

டெல்மர் குனிந்து மண்ணில் விழும் சிவப்பைப் பார்த்தார்.

"கூடிப்போனா உள்ள சுத்துற சாமானெல்லாம் எண்ணெயை அடிச்சு நுரையாக்கிடும். நுரை எதையும் இழுக்காது. சூட்டையும் வாங்காது."

"முட்டை வெள்ளைக்கரு அடிக்கிற மாதிரியா?" என்றாள் நெட்ரா.

"அதே மாதிரிதான். நீங்க சமையக்காரியா?"

"இருபத்திரண்டு வருஷம்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி டெல்மரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்ப அவருக்கு அந்த இடத்தில் பள்ளத்தாக்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

பெர்னடைன் தன் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்து, ரேடியேட்டர் பக்கம் போகும் குழாயொன்றைத் தளர்த்தினாள். நெட்ராவின் காலிப் பனிக்கட்டிப் பெட்டியை அடியில் வைத்து, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டாள். ஸ்ட்ராபெரி பால் மாதிரி இளஞ்சிவப்பு நுரை பொங்கிப் பொங்கி விழுந்தது. காலையில் ஊற்றினது, குவின்டன் ஊற்றினது, வைக்கோல்காரன் ஊற்றினது, சகோதரிகள் ஊற்றினது எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. பெட்டி முக்கால் நிறைந்ததும் குழாயை இறுக்கினாள்.

"உள்ள ஏற்கனவே கருகிப்போச்சு தம்பி. இனி இது பாரம் இழுக்காது. காலி வண்டியா முதல் கியர்ல போட்டா மனுஷன் நடக்கற வேகத்துல மேல போகும். வழியில நிறுத்தினீங்கன்னா மறுபடி கிளம்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

"டிரெய்லர்?"

"கழட்டி இங்கயே விடுங்க."

"காளை?"

பெர்னடைன் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தாள். "அதுக்கு நாலு கியர் இருக்கு. நாலும் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது."

மேலே புல்வெளிக்கு இன்னும் நாலு மைல். கதவைத் திறந்தார்கள். காலையில் உள்ளே போகமாட்டேன் என்று நாலு மணி நேரம் சண்டை போட்ட செனட்டர், இப்போது வெளியே வரமாட்டேன் என்றது. உள்ளே கூரை நிழலாவது இருந்தது. டெல்மர் கூப்பிட்டார், விசிலடித்தார், வாலைப் பிடித்தார், கெஞ்சினார். சர்ச்சில் அவர் ஜெபம் செய்யும்போது வராத கரகரப்பு குரலில் வந்தது. செனட்டர் கண்ணை மூடிக்கொண்டது.

நெட்ரா வண்டிக்குப் போனாள். உருளைக்கிழங்கு சாலடை மோந்து பார்த்துக் கீழே வைத்தாள். பச்சை ஜெல்லிக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். வெயிலில் அது பாதி உருகி, கேரட் துருவல் மேலே மிதந்தது. அதை டிரெய்லர் வாசலில் நீட்டினாள். ஒரு கண் திறந்தது. மூக்கு நீண்டது. பெரிய கரடுமுரடான நாக்கொன்று வெளியே வந்து ஜெல்லியை ஒருமுறை துழாவியது. பிறகு மற்ற கண்ணும் திறந்தது.

நெட்ரா ஓரடி பின்னால் வைத்தாள். செனட்டர் ஓரடி முன்னால் வைத்தது.

"நீ வண்டியை ஓட்டு," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"நான் நடக்கறேன் நெட்ரா. நீ ஓட்டு."

"உன் கையில கிண்ணத்தைக் குடுத்தா பத்தடி போறதுக்குள்ளயே மொத்தத்தையும் அதுக்கு ஊட்டிடுவ. ஓட்டு."

அது உண்மை என்பதால் டெல்மர் வண்டியில் ஏறினார்.

இப்படியாக அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் அறுபத்திரண்டு வயது நெட்ரா, சர்ச்சுக்குப் போகும் செருப்போடு, பின்பக்கமாகவே நடந்து, பச்சைக் கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அவளுக்கு மூன்றடி பின்னால் ஒரு டன் செனட்டர், நாக்கை நீட்டியபடி. அதற்குப் பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, முதல் கியரில் பிக்கப். அதற்கும் பின்னால் இருபது, பிறகு நாற்பது வண்டிகள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ரோட்டில் மாடு நடந்தால் மாட்டுக்குத்தான் ரோடு. கடைசி வண்டி இன்னும் ஏரிப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் அதிகம், பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

நாலு மைல். டெல்மர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்தினால் கிளம்பாது. அதனால் இறங்க முடியாது. நெட்ரா ஒரு கல்லில் தடுக்கினாள். அவரால் பிடிக்க முடியவில்லை. அவளே சுதாரித்துக்கொண்டாள். காளை ஒருதரம் நின்று முன்காலை மடித்தது. அவர் பிரேக்கில் கால் வைத்து, எடுத்து, வண்டியை ஆமையைவிட மெதுவாக ஊரவிட்டார். நெட்ரா விரலால் ஜெல்லியை வழித்து அதன் மூக்கில் தடவினாள். அவர் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது. அறுபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் கையில் கூடுதலாகப் போட ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தொப்பியால் விசிறிப் பார்த்தார். காற்று எதிர்த்திசையில் போனது.

ஏறக்குறைய ஆறு மணிக்கு ரோடு சமமானது. புல்வாசனை வந்தது. மேய்ச்சல் எல்லையில் வேலிக்கதவை நெட்ரா திறந்தாள். கிண்ணத்தில் ஜெல்லி இல்லை, கேரட்டும் இல்லை. அடியில் எச்சில் மட்டும். தூரத்தில் முப்பத்துநாலு வெள்ளை முகங்கள் ஒன்றாக நிமிர்ந்தன. பிக்கப் கடைசியாக ஒரு கனைப்புக் கனைத்து நின்றது. அதற்கப்புறம் அது தன் காலால் அந்த மலையை விட்டு இறங்கவில்லை.

செனட்டர் பசுக்களை ஒருமுறை பார்த்தது. பிறகு நேராக ஓடைக்குப் போய், வயிறு நனையத் தண்ணீரில் படுத்துக்கொண்டது.

"எழுந்திருக்குமா?" என்றார் டெல்மர்.

நெட்ரா ஓடைக்கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. "படுத்திருக்கட்டும் விடு."

செனட்டர் மறுநாள் எழுந்தது, மேய்ந்தது, பசுக்களுக்கு நடுவில் கௌரவமாகத்தான் நடந்துகொண்டது. டாக்டர் லோரீன் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அது வேலை செய்யுது. வேலை நடக்குதான்னு இப்ப சொல்ல முடியாது. வசந்தம் வரைக்கும் பொறுங்க."

"இதுக்கு ஏதாவது குடுக்கலாமா? சத்து மாத்திரை, கொஞ்சம் கூட தானியம்?"

"ஒண்ணும் குடுக்காதீங்க டெல்மர்."

அடுத்த மே மாதம் முதல் வாரத்தில் ஒரு கன்று விழுந்தது. டெல்மர் வீட்டுக்கு ஓடிவந்து நெட்ராவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பத்து நாளில் ஆறு கன்றுகள். அந்தச் சூட்டுக்கு முன்பே காளைக்குள் தயாராக இருந்த விந்தில் வந்தவை என்றாள் டாக்டர். அதோடு நின்றது. மே முடிந்தது, ஜூன் வந்தது, மற்ற பண்ணைக்காரர்கள் கன்றும் தாயுமாக மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். டெல்மர் தினமும் விடிந்ததும் வேலியில் உட்கார்ந்து மீதி இருபத்தெட்டு வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில பெருத்திருந்தன, சில பெருத்த மாதிரி இருந்தன, சில வெறும் புல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் அவர் ஒரு வேலை செய்தார். ஊரிலேயே சமமான இடம் அந்த சர்ச் வாசல் தளம்தான். வேறு கியர் பெட்டி மாட்டிய பிக்கப்பை அங்கே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, குச்சியை உருவிப் பார்ப்பார். குவின்டன் படிக்கட்டில் நின்று கேட்பான்:

"எப்படி பிரதர், சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"ஒரு சொட்டு வேணும்னா எங்கிட்ட இருக்கு."

டெல்மர் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவிப் பார்ப்பார். அது அதே இடத்தில்தான் இருக்கும். மூடியைச் சாத்திவிட்டு, வெறுங்கையோடு கொஞ்ச நேரம் நிற்பார்.

ஜூலை ஒன்பதாம் தேதி, கடைசிக் கன்று விழுந்து எட்டு வாரம் கழித்து, டாக்டர் சொன்ன இரண்டு மாத விருந்தாளிக் கணக்கு முடிகிற நேரத்தில், ஒரு பசு ஓரமாக ஒதுங்கிப் போய்ப் படுத்தது. நெட்ராவும் அவரும் வேலியில் சாய்ந்து நின்றார்கள். போய் உதவலாமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அவள் இரண்டு தடவையும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வரை நின்றார்கள். அந்தக் கன்று அன்று விழுந்தது. மீதி எத்தனை என்று அவர்களுக்கு அன்றைக்குத் தெரியாது.